செலஸ்தி உட்கார்ந்தே இருந்த ஞாயிறு

"வீடே பத்தி எரிஞ்சாலும் நீ எந்திரிக்கக் கூடாது. புரிஞ்சுதா?" என்றாள் லூர்திஸ், மகளின் இரண்டு தோள்களையும் அழுத்தியபடி.

செலஸ்திக்குப் புரியத்தான் செய்தது. அவளுடைய முழங்கால்களுக்குத்தான் புரியவில்லை. ஆறடி நாலங்குலப் பெண்ணைக் காய்கறி நறுக்கும் முக்காலியில் உட்கார வைத்தால் முழங்கால் மோவாயை இடிக்காமல் வேறென்ன செய்யும்?

"ரெண்டரைக்கு நான் அரங்கத்துல இருக்கணும்மா. இன்னைக்கு ஃபைனல்."

"ரெண்டு மணிக்கு அவங்க கிளம்பிடுவாங்க."

"ஸ்பெயின்லேருந்து ஒரு அம்மா என் ஆட்டத்தைப் பாக்கவே வந்திருக்காங்க."

"இங்கயும் ஒரு இன்ஜினியர் உன்னைப் பாக்கவே வர்றான். ஸ்பெயினா உன்னைக் கட்டிக்கப் போகுது?"

மபூத்தோ நகரத்தின் அல்வொராதா அணியில் செலஸ்தி மக்வாக்வாவுக்கு இது மூன்றாவது வருடம். வயது இருபத்திரண்டு. இந்தப் பருவத்தில் பெண்கள் கூடைப்பந்தில் அவளைவிட அதிகப் புள்ளி எடுத்தவர் நாட்டிலேயே இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் புள்ளிக் கணக்கைப் பார்க்கவில்லை. முதல் மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு அவசர வேலை ஞாபகம் வந்ததாகச் சொன்னான். இரண்டாமவன், அவள் படிக்கட்டில் நிற்கிறாளா என்று விசாரித்தான். மூன்றாமவன் ரொம்ப மரியாதைக்காரன். தங்கை உண்டா என்று மட்டும் கேட்டான்.

அதனால்தான், "சர்ச்சுல உங்க பொண்ணைப் பத்திக் கேள்விப்பட்டோம்" என்று பெர்த்தா என்றொரு அம்மாள் புதன்கிழமை போன் செய்தபோது, லூர்திஸ் முந்திக்கொண்டு "என் பொண்ணு நடுத்தர உயரம்" என்று சொல்லி வைத்தாள்.

"எதுக்கும் எதுக்கும் நடுவுலம்மா?"

"எனக்கும் மாமரத்துக்கும் நடுவுல. பொய்யா சொன்னேன்?"

ஒரு மணிக்கு நீல வேனில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். பீரோ போலிருந்த பெர்த்தா அத்தை, முகம் தெரியும் அளவுக்கு ஷூவைத் துடைத்திருந்த மாப்பிள்ளை அபீலியு, வாயைத் தின்பதற்கு மட்டுமே திறந்த இரண்டு பெரியவர்கள். செலஸ்தியின் இறந்துபோன அப்பாவுக்குத் தம்பி சிமியாவ்தான் இந்தப் பக்கத்துப் பேச்சாளர். அவர் தன் கொள்ளுத் தாத்தாவிலிருந்து வரவேற்புரையைத் தொடங்கினார். தேங்காய்ப்பால் கோழி பரிமாறப்பட்டது. மணி இரண்டானது. யாரும் கிளம்பவில்லை. பெர்த்தா இன்னொரு தட்டுக் கேட்டு வாங்கினாள்.

செலஸ்தி இடுப்பிலிருந்து கால்வரை பூப்போட்ட கப்புலானாத் துணியைச் சுற்றியிருந்தாள். உள்ளே அணியின் அரைக்கால் சட்டை. துணிக்கடியில் முழங்கால்கள் மலைபோல் மேடிட்டு நின்றன. பெர்த்தாவின் கண் அந்த மேட்டிலேயே நின்றது. லூர்திஸின் காதருகே குனிந்தாள்.

"எத்தனை மாசம்?"

லூர்திஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! அது முழங்கால்! கால் சுளுக்கிக்கிச்சு, வீங்கிப் போச்சு. அதான் எந்திரிச்சு வணக்கம்கூடச் சொல்லல."

"சுளுக்கா? அத முதல்லயே சொல்ல வேண்டாமா! நான் இருபது வருஷம் நர்ஸா இருந்தவ."

செலஸ்தி வாயைத் திறப்பதற்குள் பெர்த்தா கைப்பையிலிருந்து நீளத் துணியை எடுத்து, அவள் கணுக்காலை முக்காலியின் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். மூன்று முடிச்சு.

"சாயங்காலம் வரைக்கும் அசையக் கூடாது."

செலஸ்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். நிலைமையைச் சரிசெய்ய சித்தப்பா களமிறங்கினார்.

"சுளுக்கு கொஞ்சம் பலம்தான். நான் வேணா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்..."

"எதுக்குங்க சித்தப்பா அலைச்சல்?" என்றான் மாப்பிள்ளை மிருதுவாக. "டாக்டரை இங்கயே வரச் சொல்லலாமே."

"எங்க டாக்டருக்கு ஏற்கனவே சொல்லியாச்சு" என்று அவசரமாகப் புளுகினாள் லூர்திஸ். வாய் தவறி வந்த பொய்தான். ஆனால் அடுத்த நிமிடமே வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், பயிற்சியாளர் பல்தசார் அணியை உதவியாளரிடம் விட்டுவிட்டு, பக்கத்து ஊரான மத்தோலாவிலிருந்த அந்த வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இதோ, டாக்டரே வந்துட்டாரு!" என்றாள் லூர்திஸ்.

பல்தசார் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"டாக்டர் கழுத்துல ஏன் விசில் தொங்குது?" என்றாள் பெர்த்தா.

"குழந்தைங்க டாக்டர். அழுதா ஊதுவாரு."

பல்தசார் முக்காலியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், செலஸ்தியின் கண்ணைப் பார்த்தார். இருபது வருடம் தோற்கும் அணிகளைக் கட்டி மேய்த்தவர், பிடித்துக்கொண்டார்.

"நிலைமை மோசம். மூணரைக்கு ஆபரேஷன் ஆரம்பிக்கணும். உடனே கிளம்பணும்."

"எத்தனை டாக்டருங்க பண்ணுவீங்க?"

"அஞ்சு பேர். வெளிய ஏழு பேர் தயாரா உக்காந்திருப்பாங்க."

"பன்னெண்டு பேரா!" பெர்த்தா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அவ்வளவு பெரிய ஆபத்துன்னா ஜெபம் பண்ணாம அனுப்பக் கூடாது. எல்லாரும் கையைக் கோத்துக்குங்க. ஆமென் சொல்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

ஜெபத்தை அவள் ஆதாமிலிருந்து தொடங்கினாள். மூன்றே கால் ஆனபோது நோவா இன்னும் பேழைக்கு மரம்தான் வெட்டிக்கொண்டிருந்தார். பல்தசார் கண்ணை மூடியபடி பல்லைக் கடித்தார்.

செலஸ்தியின் ஒரு கை அம்மாவிடம், ஒரு கை அபீலியுவிடம். அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது. பாவம், நல்லவன் போலிருந்தான். இவளை அண்ணாந்து பார்க்காத முதல் ஆண்பிள்ளை, முக்காலியின் புண்ணியத்தில். எழுந்தால் அம்மாவின் நாலாவது மாப்பிள்ளை போவான். எழாவிட்டால் ஸ்பெயின் போகும். இன்னும் எத்தனை வருடத்துக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைவது?

"ஆமென்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

தலை மின்விளக்கில் இடித்தது. விளக்கு ஊஞ்சலாடியது.

"என் உயரம் இவ்வளவுதான் அத்தை, இதுக்கு மேல இல்ல. காலுக்கு ஒண்ணும் இல்ல. இவரு டாக்டரும் இல்ல, கோச். எனக்கு இன்னைக்கு ஃபைனல். மாப்பிள்ளைக்கு இஷ்டம்னா வந்து பாக்கட்டும்."

"விடாதீங்க! பிடிங்க அவள!" என்று கத்தியபடி பெர்த்தா பாய்ந்தாள். கப்புலானாதான் கையில் வந்தது. செலஸ்தி சிவப்பு அரைக்கால் சட்டையோடு, காலில் முக்காலியோடு, டொக் டொக்கென்று முற்றத்தைக் கடந்து வேலியைத் தாண்டிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கோழியை விட்டுவிட்டு ஓடிவருவதற்குள் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பிவிட்டது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த முக்காலிக்குப் பயந்து வழியெல்லாம் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.

அரங்கத்தில் பாதி ஆட்டம் முடிந்திருந்தது. அல்வொராதா, மரேஸ் அணியிடம் பத்தொன்பது புள்ளி பின்தங்கியிருந்தது. நடுவர் முக்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது சீருடையில சேராது."

"தெரியும்யா, கத்தரிக்கோல் குடு!" என்றார் பல்தசார்.

இரண்டு மணிநேரம் மடங்கிக் கிடந்த கால் முதலில் நிமிரவே மறுத்தது. இரண்டு பந்தைக் கோட்டைவிட்டாள். மரேஸ் ரசிகர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கால் நிமிர்ந்தது. அதன் பிறகு வளையத்தின் பக்கம் வந்த பந்தெல்லாம் அவள் கையில்தான் இறங்கியது. கடைசி நொடியில், மூன்று பேர் தலைக்கு மேல் எம்பி எடுத்த பந்தை அப்படியே வளையத்துக்குள் திணித்தாள். ஒரு புள்ளியில் அல்வொராதா ஜெயித்தது.

ஸ்பெயின் அம்மையார் இறங்கி வந்து, இரண்டு வருட ஒப்பந்தம் என்று கைகுலுக்கினார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"அந்த முக்காலி எதற்கு?"

"கால் வலுவுக்கு" என்றார் பல்தசார். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார்.

அரங்க வாசலில் லூர்திஸ் கசங்கிய கப்புலானாவோடு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. சித்தப்பாவும் கூட வந்திருந்தார்.

"நீ வேலியைத் தாண்டின கையோட அவங்களும் வேன்ல ஏறிட்டாங்கடி. சொல்லிக்கக்கூட இல்ல. நாலாவது இது."

செலஸ்தி குனிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோம்மா. நான் போயே மன்னிப்புக் கேக்கறேன். அந்த அபீலியுகிட்டயும்."

அப்போது அதே நீல வேன் வாசலில் வந்து நின்றது. லூர்திஸ் அவசரமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா, பாத்தியா, திரும்பி வந்துட்டாங்க! பையனுக்குப் பிடிச்சுப் போச்சு!"

டிரைவர் மட்டும் இறங்கி வந்தார். வீட்டுக்குள் காலே வைக்காமல் வேனிலேயே தூங்கிக் கிடந்தவர், இவர்கள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு லூர்திஸிடம் பணிவாகக் கேட்டார்:

"அம்மா, மரேஸ் கிளப் மேனேஜர் எங்க இருப்பாரு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா அவர் அனுப்பி வச்ச எங்க நாடகக் குழு வேன்ல காத்துக்கிட்டிருக்கு. பொண்ணை ஃபைனல் முடியுற வரைக்கும் உக்கார வைக்க முடியல, ஆனா பாதி ஆட்டம் வரைக்கும் வச்சிருந்தோமே, அடுத்த வருஷமும் எங்களையே கூப்பிடுவாரான்னு கேக்கணும்."