உகந்த காலமும் ஓக் அலமாரியும்

ஆம்ஸ்டர்டாமுக்கு எந்த மாதம் வரலாம் என்று உலகத்துக்கே நாள் குறித்துத் தரும் மகத்தான பொறுப்பு ஃபெம்கேயிடம் இருந்தது. பயண ஆலோசனை அலுவலகத்தில் 'உகந்த காலப் பிரிவு' என்றால் அவள்தான். வேறு ஆள் கிடையாது. ஆனால் சொந்த அலமாரியை மூன்றாம் மாடிக்கு ஏற்ற மட்டும் அவளுக்கு ஒரு நாள் அகப்படவில்லை.

கால்வாய்க்கரை வீடுகளின் மாடிப்படி ஏணிக்குத் தம்பி. அதில் பூனை ஏறும், அலமாரி ஏறாது. அதற்காகத்தான் கூரை முகட்டில் உத்தரமும் கொக்கியும். கொக்கியில் கப்பியை மாட்டித் தெருவிலிருந்து கயிற்றை இழுத்தால், சாமான் சன்னல் வழியே உள்ளே போய்விடும். சுவரில் இடிக்காமலிருக்க வீட்டையே சற்று முன்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, தூக்கும்போது அடியில் ஆள் நிற்கக் கூடாது.

அடியில்தான் சுற்றுலா வந்த உலகமே நின்றது, முகட்டைப் படம் எடுத்தபடி.

அலமாரி ஏற்ற, தெரு காலியாக இருக்கும் மாதமாக முதலில் ஃபெம்கே நவம்பரைக் கண்டுபிடித்தாள். இயக்குநர் ருட்கர், தொலைநோக்கு மிக்கவர், அவள் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார்.

"நவம்பர்ல கூட்டம் இருக்காதா? இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா கூட்டம் வந்துருமே."

"அதுக்குத்தானே நமக்குச் சம்பளம்."

'நவம்பர்: கூட்டமில்லா மாதம்' என்று அறிவிப்பு வெளியானது. கூட்டமில்லாததைப் பார்க்க உலகம் திரண்டு வந்தது. மழை கொட்டும் பிப்ரவரிக்கும் அதே "கௌரவம்" கிடைத்தது.

எட்டு மாதமாக அலமாரி, கீழ்வீட்டு ஹார்மெனின் நடையில் கிடந்தது.

"ஏம்மா, பக்கவாட்டுல நடந்து நடந்து நான் நண்டாயிட்டேன்," என்றார் அவர். "மார்ச் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கோடாலிதான்."

"எங்கம்மா வச்சிருந்த அலமாரிங்க அது."

"அதனாலதான் மார்ச் கடைசி. உன்னுதா இருந்தா நாளைக்கே."

அன்றே ஃபெம்கே ஓர் அறிவிப்பு எழுதினாள்: 'உகந்த காலம்: மார்ச் கடைசிச் சனி, காலை பத்து மணி. பாரம்பரியக் கயிறு அனுபவம். கையுறை அவசியம்.'

நாற்பது பேர் வந்தார்கள். கயிற்றின் மறுமுனையைத் தெருக்கோடி வரை நீட்டி, அத்தனை பேரையும் அதில் வரிசையாக நிறுத்தினாள். இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் படம் எடுக்க வழியில்லை. பாதியில் சிலர் சபலப்பட்டுக் கையை விட, அலமாரி ஒரு சாண் இறங்கியது. அவர்கள் பதினொரு மொழிகளில் வசவு வாங்கினார்கள். ஏழாவது நிமிடம் அலமாரி சன்னலுக்குள் போனது.

ருட்கர் நெகிழ்ந்து போனார். "அடுத்த உகந்த காலம் எப்ப?"

"அவரக் கேளுங்க," என்று ஹார்மெனைக் காட்டினாள்.

"வர்ற சனி," என்றார் ஹார்மென். "என் மாடி ரூமுக்கு சோபா."

ஆக, தீர்வு எளிது. கீழே நிற்பவர் கையில் கயிற்றைக் கொடுத்தால், கீழே யாரும் நிற்க மாட்டார்கள். ஊருக்கு எப்போது வரலாம் என்பதை ஊரில் குடியிருப்பவரைக் கேட்டால், அவரே சொல்லிவிடுவார். அலுவலகம் திறந்த இருபத்திரண்டு வருடங்களில், அதை மட்டும் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.