நாற்பதாம் ஆண்டு சிறப்புப் பதிப்பில் என் மாமனார்

எனக்கு ஒரு வியாதி இருந்தது. தெளிவு வியாதி. எதுவானாலும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாக வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் அவர்கள் டிவி ரிமோட்டை எடுத்து நாலு பட்டனைத் தட்டி, "இத்தனை நாள் இதையா பாத்துட்டிருந்தீங்க?" என்று துக்கம் விசாரிப்பேன். (அடுத்த தடவை போனால் ரிமோட்டை ஒளித்து வைத்திருப்பார்கள். காபியும் வராது.) செம்பூரில் எங்கள் வீட்டில் நாலு பேர் வந்தால் உட்கார இடம் கிடையாது. ஆனால் ஃபோர்கே டிவி இருந்தது, ஃபோர்கே டிஸ்க் போடுகிற பிளேயர் இருந்தது, அதைப் பற்றி லெக்சர் அடிக்க நான் இருந்தேன்.

இப்பேர்ப்பட்டவனுக்குப் பெண் கொடுத்த மகாத்மா சுடலைமுத்து மாமா. அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். தாராவியில் பெல்ட், பர்ஸ் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். ஆனால் தாராவியில் அவருக்கு இருந்த மரியாதை பட்டறையால் வந்ததில்லை. அவர் சினிமாவில் நடித்தவர்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் உடனே போட்டுப் பார்ப்பீர்கள், எனக்கு வீட்டில் மறுபடியும் பிரச்சினை. நாற்பது வருஷமாகத் தமிழ்நாடு விழுந்து விழுந்து சிரிக்கும் படம். அதில் ஒரு கல்யாணப் பந்தி ரகளை வரும். கதாநாயகன் தலையில் சாம்பார் வாளி கவிழும். அதை எடுத்தது மாமாவின் ஊரில். வாளி கவிழும்போது பின்னால், இடது மூலையில், மஞ்சள் சட்டை போட்ட ஒரு உருவம் நிற்கும். அதுதான் இருபது வயது மாமா.

"பாத்தீயளா, சிரிக்கேன்!" என்பார். நாமும் பார்ப்போம். கேசட்டிலிருந்து விசிடிக்கும் விசிடியிலிருந்து பென்டிரைவுக்கும் நகலெடுத்து நகலெடுத்துத் தேய்ந்துபோன காப்பி. மஞ்சளாக ஒரு தீற்றல், அதற்கு மேலே கறுப்பாக ஒரு உருண்டை, உருண்டையில் வெள்ளையாக ஒரு கோடு. கோடுதான் சிரிப்பு.

அவர்கள் குடியிருக்கும் சாலில், அதாவது வரிசை வீடுகளில், ஒரு வழக்கமே உண்டு. புதுசாகக் கல்யாணமான ஜோடி கோயிலுக்குப் போய்விட்டு நேரே மாமா வீட்டுக்கு வரவேண்டும். டீ, பிஸ்கட், சாம்பார் வாளிக் காட்சி, அப்புறம் மாமாவிடம் ஆசீர்வாதம். நானும் அவர் மகள் செல்வியும்கூட அப்படி விழுந்து கும்பிட்டவர்கள்தான். (எழுந்ததும் "பிரிண்ட் ரொம்ப மோசம் மாமா" என்றேன். அன்றைக்கே என்னை விரட்டியிருக்கலாம்.) இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், பாக்கியம் அத்தையை மாமாவுக்குக் கட்டிக்கொடுத்ததே அந்தத் தீற்றலை நம்பித்தான். பெண்வீட்டில் வாடகைக்கு டெக் எடுத்து, கேசட் போட்டுப் பார்த்து, 'மாப்பிள்ளை சினிமாக்காரர்' என்று முடிவு செய்தார்களாம்.

மாமாவுக்கு அறுபது முடிகிற நேரத்தில், படத்துக்கு நாற்பதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு வந்தது. கனமான பெட்டி, உள்ளே ஒரு புத்தகம், ஆறு புகைப்படங்கள். மூல நெகட்டிவிலிருந்து ஒவ்வொரு ஃப்ரேமாகத் துடைத்து எடுத்தது என்று அட்டையில் போட்டிருந்தான். அதை நாலு தடவை படித்தேன். செல்விதான், "சிரிக்கிறதுக்கு எதுக்குங்க இவ்வளவு தெளிவு? அப்பாவுக்குப் பழசே போதும்" என்றாள். என் வாழ்க்கையில் இலவசமாகக் கிடைத்த ஒரே நல்ல யோசனை. கேட்டேனா?

தாராவியில் ஒரு ஹாலில் அறுபதாம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவைக்கிற மெகா பிளாக் உண்டு என்பது பம்பாயில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். அம்பர்நாத்திலிருந்து வரவேண்டிய ஐயருக்குத் தெரியவில்லை. "தானேயில நிக்கறேன்" என்று போன் செய்தார். கூட்டம் நெளிந்தது. மேடையில் மாமாவும் அத்தையும் மாலையும் கழுத்துமாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மைக்கைப் பிடித்தேன். "ஐயர் வர்ற வரைக்கும் ஒரு சர்ப்ரைஸ்!"

சுவர் அளவுக்குத் திரை, புரொஜெக்டர், என் பிளேயர், எல்லாம் தயாராக வைத்திருந்தேன். பெட்டியைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது. "வேண்டாம் மாப்ளே. ஐயரு இப்பம் வந்துருவாரு" என்றார். ஆஹா, என்ன அடக்கம் என்று நினைத்தேன். "வேண்டாம்லா சொல்லுதேன்" என்றார் மறுபடியும். எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

"இத்தனை நாள் நீங்க யாருமே மாமாவைச் சரியாப் பாத்ததில்லை. இன்னிக்குத்தான் பாக்கப்போறீங்க!" என்று முழங்கிவிட்டுக் காட்சியைப் போட்டேன். வாளி கவிழ்ந்தது. விசில் பறந்தது. சரியான இடத்தில் நிறுத்தி, இடது மூலையைப் பெரிதாக்கினேன்.

சட்டை, அரிசி மூட்டைகளின்மேல் போர்த்திய மஞ்சள் துணி. தலை, அதன்மேல் கவிழ்த்து வைத்த கரிப்பானை. சிரிப்பு, பானையில் சமையல்காரர் பூசிய விபூதிப் பட்டை. பட்டையில் மூன்று விரல் தடமும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஹாலே கப்சிப். அந்த அமைதியில் மைக்கில் ஒரு குரல் கேட்டது. "கான்ட்ராஸ்டைப் பாருங்க!" என்னுடைய குரல்தான். பழக்கதோஷம்.

அத்தையின் தம்பி, காட்கோபர்க்காரர், மெதுவாக எழுந்தார். "அத்தான், அது பானைல்லா?"

"அரே, மட்கா ஹை!" என்று பின்வரிசைப் பையன்கள் கத்தினார்கள். சிரிப்பில் ஹாலே இடிந்து விழுந்தது. "இதையா நாம கால்ல விழுந்து கும்பிட்டோம்?" என்று ஒரு பெண் புருஷனைக் கேட்டாள். பதறிப்போய்ப் படத்தை நிறுத்தப் பட்டனை அழுத்தினேன். பானை இன்னும் பெரிதாகிச் சுவர் முழுக்க நிறைந்தது.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது மனுஷர், பட்டு வேட்டி கட்டிய அன்றைக்கு, இருநூறு பேர் நடுவில். பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

சரியாக அப்போது ஐயர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "முகூர்த்தம் முடிய இருபது நிமிஷம்தான் இருக்கு. பொண்ணு எங்கே?"

செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்குத் தைரியமில்லை.

மாமா சமையல்கட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். (அங்கேயும் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியவில்லை.) அத்தை காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"முப்பத்தஞ்சு வருசமா ஒரு பானையப் பாத்து வெக்கப்பட்டிருக்கேன். இப்பமாச்சும் உண்மையச் சொல்லுங்க. நீங்க அங்க இருந்தீயளா, இல்லையா?"

"இருந்தேன் பாக்கியம். சத்தியமா இருந்தேன். மூணு நாளு எச்செல எடுத்தேன். ஒவ்வொரு பந்திக்கும் எடுத்தேன். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல." மாமாவின் குரல் உடைந்தது. "ஊருக்கெல்லாம் நடிச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். கேசட்டு வந்தப்பம் தேடித் தேடிப் பாத்தேன். நான் எங்கயும் இல்ல. மஞ்சளா ஒண்ணு நின்னுச்சு. அது யாருன்னு யாருக்கும் தெரியல. நானா இருந்துக்கிட்டேன்."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல எடுக்கத் தெரிஞ்ச ஆளுன்னு அப்பமே சொல்லியிருந்தா இன்னும் சந்தோசமாக் கட்டியிருப்பேனே! முப்பத்தஞ்சு வருசத்துல வீட்டுல சாப்ட்ட ஒரு தட்டு எடுத்ததுண்டா நீங்க?" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார்.

தாலி ஏறியபோது முகூர்த்தம் முடிய நாலு நிமிஷம் பாக்கி இருந்தது.

முதல் பந்தி முடிந்ததும் மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். எல்லாரும் தடுத்தும் கேட்கவில்லை. குனிந்து ஒவ்வொரு இலையாக எடுக்க ஆரம்பித்தார். காட்கோபர்க்காரர்தான் முதல் விசில் அடித்தார். வீடியோக்காரர் ஓடிவந்து கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார். மாமா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்த வீடியோ கொஞ்சம் மங்கல்தான். நான் வாயே திறக்கவில்லை.

சிறப்புப் பதிப்பு வாங்கலாமா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். படம் அபாரம், ஒலி அபாரம். சொந்தக்காரர் யாரும் அதில் நடிக்கவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

போன மாதம் செல்வியின் தம்பி மனைவி முதல்முறையாகச் சமைத்துப் போட்டாள். "குழம்பு எப்படி இருக்கு அண்ணா?" என்று ஆசையாக என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், எல்லார் தட்டையும் அடுக்கிக்கொண்டிருந்த மாமா சட்டென்று திரும்பினார்.

"மாப்ளே, பழைய கேசட்டுலயே சொல்லுங்க."