அபிதகுஜாம்பாள் நடத்திய நகர் உலா

சாயங்காலம் வரை பீச் பக்கம் ரயில் ஓடாது என்று டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் சொன்னபோது அபிதகுஜாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால், தன்னை நம்பி சானடோரியம் ஸ்டேஷன் வரை வந்திருக்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் நடுவில் ஸ்ரீரங்கனையும் பார்க்க வேண்டும்.

சிட்லபாக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு ஸ்ரீரங்கன்தான் செயலாளர். வருஷா வருஷம் பஸ் வைத்து எல்லோரையும் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போவார். எல்லோரும் அங்கே போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுத் திரும்பி வருவார்கள். இந்த வருஷக் கூட்டத்தில் அபிதகுஜாம்பாள் எழுந்து, இந்தத் தடவை சென்னையை நடந்தே பார்ப்போம் என்றாள். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள், எழும்பூர் மியூசியத்தில் ஓவியங்கள், கடைசியாக ஊருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு தோட்டம். தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவள். மயிலாப்பூரில் யாரோ நடத்திய இரண்டு வரலாற்று நடைகளில் பின்னால் நடந்திருந்தாள். அந்த அனுபவம் போதும் என்று நினைத்தாள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். அது அவள் கணவரின் ஓட்டு அல்ல. அவர் ரிசார்ட்டுக்குக் கை தூக்கியிருந்தார். இன்று அவர் வரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம். அவள் படிக்கவில்லை.

"வேன் ஒண்ணு சொல்லட்டுமா மேடம்?" ஸ்ரீரங்கன் மிக மென்மையாகக் கேட்டார். "ஈ.சி.ஆர். போற வழியிலேயே டிபனை முடிச்சிடலாம்."

இப்போது விட்டுக்கொடுத்தால், ஆயுள் முழுக்க லிஃப்டில் அவரைச் சந்திக்கும்போதெல்லாம் இதைக் கேட்க வேண்டியிருக்கும்.

"எதுக்கு சார் வேன்? முதல்ல நம்ம தாம்பரத்தைப் பார்க்கறதாத்தானே திட்டம்? நான் சொல்லலையா?"

அவள் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஏற்கெனவே ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டதால் எல்லோரும் பின்னால் போனார்கள்.

முதலில் ஓவியம் என்றாள். தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைச் சுவரில் நல்ல ஓவியங்களை அவள் பார்த்திருக்கிறாள். மயில், பரத நாட்டியம், உழவர்கள். பார்த்தது எப்போது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இப்போது சுவர் முழுக்க போஸ்டர்கள். மயிலின் கொண்டை மட்டும், மூல வியாதி மருத்துவமனை ஒன்றின் விளம்பரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது.

அவள் தளரவில்லை. இதுவும் கலைதான் என்றாள். எழுத்துகளை எப்படி வளைத்திருக்கிறார்கள், நிறங்களை எப்படி மோதவிட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு போஸ்டராக நின்று பார்க்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே முதல் மாடி கங்கையம்மாள் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் முன்னால் நின்று பார்த்தார். பார்த்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். முடிச்சூரில் இருக்கும் அவருடைய சம்பந்தியின் பெயர் அதில் இருந்தது. ஊர் முடிச்சூர்தான். படம் மழையில் நனைந்து பாதி கிழிந்திருந்தது.

தனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கங்கையம்மாள் அழுதார். கூட்டமே அவரைச் சுற்றி நின்றது. அவர் தெளிய வேண்டும் என்று அபிதகுஜாம்பாளே சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தாள். கங்கையம்மாள் விம்மியபடி இரங்கல் சொன்னார். மறுமுனையில் போனை எடுத்தவர் சம்பந்தியேதான். அவர் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நிமிஷங்கள் அந்தச் சுரங்கப்பாதையில் எதிரொலி நன்றாக இருந்தது. யார் அந்தப் போஸ்டரைக் காட்டியது என்று சம்பந்தி கேட்க, கங்கையம்மாள் போனை அபிதகுஜாம்பாளிடம் நீட்டினார். வரலாற்று நடை என்றால் என்ன என்று அவள் அவருக்கு விளக்க முயன்றாள். அவர் அதற்கும் ஒரு பதில் சொன்னார். ஸ்பீக்கரை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"நல்லா பேசுறார்," என்றார் ஸ்ரீரங்கன். "அடுத்தது என்ன மேடம்?"

அடுத்தது பழைய குடியிருப்பு. மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே காலத்துத் தெருக்கள் உண்டு, தூங்குமூஞ்சி மரங்கள் உண்டு என்று அவளுக்கு ஒரு ஞாபகம். மரங்கள் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு வளைவு வாசல் வைத்த வீடும், அதன் கூரையில் புகைபோக்கியும் தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் குளிர்காய அடுப்பு வைத்துக் கட்டிய பங்களா இது என்று ஆரம்பித்தாள். தாம்பரத்தில் யாருக்குக் குளிரும் என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அந்தக் காலத்தில் குளிர்ந்தது என்றாள்.

லுங்கியோடு வெளியே வந்த வீட்டுக்காரர் கேட்டில் கை ஊன்றி அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். துளசிங்கம் என்று வாசலில் பெயர்ப்பலகை இருந்தது.

"வெள்ளைக்காரனா? யம்மா, இது நான் கட்ன வூடு," என்றார். "மேல கீறது பிரியாணி செய்யச்சொல்ல பொகை போறதுக்கு. நான் கேட்டரிங்மா."

கூட்டம் சிரித்தது. சிரித்ததோடு நிற்காமல், பிரியாணி இன்றைக்கு உண்டா என்றும் விசாரித்தது. அங்கிருந்து அவர்களைக் கிளப்புவதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெயிலும் ஏறிவிட்டது. எந்தத் தெருவில் நிற்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஸ்ரீரங்கன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். வேன் டிரைவரின் நம்பர் ரெடியாக இருந்தது.

"மறைஞ்சிருக்கிற தோட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு சார்," என்றாள். அழுகை வரும் போலிருந்தது. அந்தத் தோட்டம் அவளிடமிருந்தும் மறைந்திருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு நீளமான மதில் சுவரும், அதன் மேல் வழிந்த காகிதப்பூவும், பாதி திறந்திருந்த இரும்பு கேட்டும் கண்ணில் பட்டன. அவள் யோசிக்கவே இல்லை.

"இதுதான்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருக்கேன். தாராளமா வாங்க."

உள்ளே நுழைந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வெளியே இருந்த வெயில் அங்கே இல்லை. நாகலிங்க மரம் ஒன்று அடிமரமெல்லாம் பூத்து நின்றது. பாசி படிந்த கல்தொட்டியில் அல்லி. நடுவே செங்கல் பாதை. பாதையின் முடிவில் முகமே செதுக்கப்படாத ஒரு பெண் சிலை. அதன் அருகே வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர் ஒருவர், கக்கத்தில் மடித்த பேப்பரும் கையில் ரப்பர் குழாயுமாக நின்றிருந்தார். குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை.

அவர் அவர்களைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். போலீஸைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தாள்.

"வாங்க வாங்க," என்றார் அவர்.

பிறகு அவர் சொன்னதை அந்தக் கூட்டம் வாய் திறந்து கேட்டது. இந்த இடத்தை வாங்கிய கணவனும் மனைவியும் முதல் நாளே சண்டை போட்டுக்கொண்டார்களாம். மனைவிக்குப் பூ வேண்டும், கணவனுக்குப் பழம் வேண்டும். கடைசியில் நடுவில் பாதை போட்டுப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இடது பக்கம் முழுக்கப் பூ, வலது பக்கம் முழுக்கப் பழம். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஓவியக் கல்லூரியில் படித்த மகள் இந்தச் சிலையைச் செதுக்கினாள். யார் சாயலில் முகம் வைப்பது என்பதில் அம்மாவும் அப்பாவும் ஒத்துப்போகவே இல்லை. அதனால் சிலைக்கு முகமே இல்லை.

கங்கையம்மாள் இரண்டாவது முறையாக அழுதார். இந்த முறை சந்தோஷமாக அழுதார். சம்பந்திக்கு வீடியோ காலில் தோட்டத்தைக் காட்டினார், சம்பந்தியும் சமாதானமாகிவிட்டார். ஸ்ரீரங்கன் சிலையின் முன்னால், வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவருக்கும் அவர் மனைவிக்கும் இப்படித்தான் வீட்டில் டி.வி. விஷயத்தில் ஒரு பாதை இருக்கிறதாம். அவர் அதை எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"மேடம், ரிசார்ட்டெல்லாம் இனிமே வேண்டாம்," என்றார். "மாசம் ஒரு நடை. நீங்கதான் நடத்தணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அபிதகுஜாம்பாள் கூச்சத்தோடு தலையசைத்தாள். ஜார்ஜ் டவுன் கிடக்கிறது. இதே தாம்பரத்தில், தனி ஆளாக, ரயிலும் இல்லாமல் அவள் ஜெயித்துவிட்டாள். இன்று ராத்திரி கணவரிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

எல்லோரும் வெளியேறிய பின், நன்றி சொல்வதற்காக அவள் மட்டும் பின்தங்கினாள். அடுத்த மாதமும் ஆட்களை அழைத்துவரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

பெரியவர் கேட் வரை வந்து தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்னீங்களே மேடம், அப்படியே சவுரிமுத்துன்னு என் பேரையும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடுங்க, நானும் கேட் திறந்து கிடக்குதேன்னு உள்ள வந்து பேப்பர் படிக்கிற ஆளுதான்."