தூம்பின் மேல் நட்ட கல்வெட்டு

உலகத்தில் பாலம் கட்டுகிறவர்கள் உண்டு, பாலத்தைக் கடக்கிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. பாலத்தின் பெருமையைப் பேசியே பொழுதைத் தள்ளுகிற இனம். கையில் ஒரு பொட்டுத் துரு பட்டிருக்காது. பேச்சு மட்டும் பாலத்தைப் பெற்று வளர்த்தவர் பேச்சாக இருக்கும். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஊர்க்காரர், பாளையங்கோட்டையில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற பாக்கியசீலன்.

தாமிரபரணிக்கு மேல் நெடுஞ்சாலையைச் சுமக்கிற இரும்புப் பாலம்தான் அவருடைய சொத்து. பஸ் பாலத்தில் ஏறினால் போதும், பக்கத்து இருக்கைக்காரர் தொலைந்தார். "இது எந்த வருசம் கட்டுனது தெரியுமாவே?" என்று ஆரம்பித்து, உத்திரங்கள் கப்பலில் வந்தது, தூத்துக்குடியிலிருந்து மாட்டுவண்டியில் ஊர்ந்தது, திறப்பு விழாவில் துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தது, பெருவெள்ளம் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போனது எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். போன வருசம் இதில் அறுபதாயிரம் ரிவிட்டு ஆணி என்றார். இந்த வருசம் எழுபத்தெட்டாயிரம். பாலத்தில் உதிர்ந்துகொண்டிருக்கிற ரிவிட்டுகள் இவர் வாயில் மட்டும் பெருகுகின்றன. யார் எண்ணப் போகிறார்கள்?

எண்ணுகிற ஆள் ஒருவர் இருந்தார். இருபத்திரண்டு வருசமாகப் பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கி, துருவைச் சுரண்டிச் செம்பூச்சு அடிக்கிற மேஸ்திரி அசன் மைதீன். அவரிடம் யாரும் பாலத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

பாலத்துக்கு நூறு வயதானது. விழாக் குழுவுக்குத் தலைவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? வரலாற்றைக் கருங்கல்லில் வெட்டி, நடைபாதை ஓரம் பீடம் கட்டி நடுவதென்று தீர்மானமாயிற்று. பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கத் தோதான இடத்தைப் பாக்கியசீலனே காலால் கோடு கிழித்துக் காட்டினார். பாலத்தின் மேல் விழுகிற மழைத் தண்ணீர் வெளியேறுகிற தூம்பு அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. அசன் மைதீன் ஓடிவந்தார்.

"சார்வாள், அது தூம்புல்லா. மேல பீடத்தக் கட்டுனா தண்ணி எங்கன போவும்? உத்திரத்துக்குள்ள எறங்கிரும்."

"இந்தப் பாலம் பாக்காத தண்ணியாவே?"

"பாத்த தண்ணியெல்லாம் ஓடிப்போச்சு. இது நிக்கும்லா."

"கட்டுன துரை பேரு தெரியுமா ஒமக்கு?"

"தெரியாது. நீங்க பைய எறங்கி அடியில வந்து ஒரு மட்டம் பாருங்க. ஏற்கெனவே ஒரு தகடு அப்பளமா நொறுங்குது. எம்மவ முஃபீதா தெனம் இதுமேலதான் காலேஜுக்குப் போயிட்டு வாரா. எனக்குப் பயமா இருக்கு சார்வாள்."

பாக்கியசீலன் இறங்கவில்லை. வெள்ளை வேட்டியில் துரு பட்டால் போகாதாம்.

பீடம் எழும்பியது. விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று, துருவைச் சுரண்டாமலே அதன் மேல் வெள்ளிப் பூச்சு அடிக்கச் சொன்னார்கள். அதுவும் சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கத்துக்கு மட்டும். தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். சுரண்டியவர்கள் பெயர் ஒன்றுகூட அதில் வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. பீடத்தைச் சுற்றித் தண்ணீர் குளமாக நின்றது. கார்த்திகையில் ஒரு காலை, கயிற்றில் இறங்கிய அசன் மைதீன் இறங்கிய வேகத்திலேயே மேலே ஏறி, செம்பூச்சு படிந்த துண்டை வீசிக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றார். பாலத்தில் ஏற வந்த பஸ் கிரீச்சிட்டு நின்றது. முன் இருக்கையில் பாக்கியசீலன். பின் இருக்கையில் முஃபீதா.

"ஏன்வே பஸ்ஸ நிப்பாட்டுதீரு?"

"எறங்குங்க சார்வாள். தகடு கிழிஞ்சிட்டு."

பின்னாலிருந்து முஃபீதா ஓடிவந்தாள். "வாப்பா, என்னாச்சு?" அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினீயர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், முகம் வெளுத்தார்கள். எட்டு மாதத்துக்குப் பாலம் அடைப்பு. தூம்பைத் திறக்கக் கல்வெட்டைச் சம்மட்டியால் உடைத்தார்கள்.

பாக்கியசீலன் வெட்கப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுவாரம், பதினோரு கிலோமீட்டர் சுற்றிப் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். "நூறு வருசத்துல மொத மட்டம் பாலத்த அடைச்சது எப்பன்னு தெரியுமாவே? நான் அங்கனதான் இருந்தேன். பெயிண்டு அடிக்கிற ஆளு எவனோ துண்டக் காட்டுனான். நான்தான் எல்லாரையும் எறக்கிவிட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீடு எந்த வருசம் கட்டியது, நிலைக்கதவுத் தேக்கு எந்த மலையிலிருந்து வந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே, உங்கள் மொட்டைமாடித் தூம்பை அடைத்துக் கிடக்கும் வேப்பிலையைக் கடைசியாக எப்போது அள்ளினீர்கள்? தேக்குக் கதையை இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. முதலில் மாடிக்கு ஏறுங்கள்.