கடைக்குள் வந்தால் செத்துப்போகிற கைப்பட்டை

மதிப்புமிக்க மாப்பிள்ளைக்கு,

இஸ்திரிக் கடை மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், நாடித்துடிப்பு பார்க்கும் உங்கள் கம்பெனிக் கைப்பட்டையையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், உடம்புச் சூட்டிலேயே ஓடும் என்று பெருமையாக என் கையில் மாட்டிவிட்டுப் போனீர்கள். உடம்பைவிட வெளியே குளிர்ச்சியாக இருந்தால்தான் ஓடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இஸ்திரிக் கடையில் ஏது மாப்பிள்ளை குளிர்ச்சி? பெட்டி சூடான பத்தாவது நிமிஷம் பட்டை கண்ணை மூடிடுச்சு. உடனே உங்க போன்ல 'துடிப்பு இல்லை'ன்னு வந்து, என் மகள் அழுது, பக்கத்து மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டு, அந்த மனுஷன் ஓடி வந்து, காலர் தேய்ச்சுக்கிட்டிருந்த என் மூக்குல விரலை வச்சுப் பார்த்தார். பட்டை இன்னொரு தடவை நின்னா கடையையே மூடிடணும்னு மகள் கண்டிப்பா சொல்லிட்டா. முப்பத்தெட்டு வருஷக் கடையை ஒரு ரப்பர் துண்டு சொல்லி மூடணுமாம். சரின்னு மறுநாள் பட்டை மேல ஈரத்துண்டைச் சுத்தினேன். அது வக்கீலோட கோட்டுல சொட்டுச்சு. "பொய் சொன்னா எனக்கே வேர்க்காது, என் கோட்டுக்கு ஏன் வேர்க்குது?"ன்னு கேட்டார்.

அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. அஞ்சு நாளா பட்டை உங்க அத்தை கையில இருக்கு. இப்பல்லாம் அவ ஃபேனுக்கு நேரா உட்கார்ந்தா எழுந்திருக்கிறதே இல்லை, அதுவும் தோதாப் போச்சு. ஓய்வா இருக்கீங்க போலிருக்கே மாமான்னு மூணு நாளைக்கு முன்னாடி நீங்க பாராட்டினப்போ சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன். புருஷன் கை எது, பொண்டாட்டி கை எதுன்னு தெரியாத சாமானுக்கு எத்தனை படிச்சவங்க சேர்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டீங்களோ!

கடை மூடுவதாக இல்லை. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்க மெசேஜ் வந்தது. ரெண்டு நாளா துடிப்பு தாறுமாறா இருக்கு மாமா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. எனக்கு ஒண்ணுமில்லை மாப்பிள்ளை. அவளைக் கூட்டிக்கிட்டு ஓடி வந்தேன். உள்ளே வச்சிருக்காங்க. நேரத்துக்கு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னார். போன்ல சொல்ல வாய் வரல, அதான் இதையே போட்டோ எடுத்து அனுப்புறேன். மேல எழுதினதையெல்லாம் அடிச்சிடுங்க. கடையை நானே பூட்டிட்டேன். பட்டையை நர்ஸ் கழட்ட வந்தாங்க, நான் விடல.