கழுகு பார்க்கப் போன ட்ரைபாடு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு சபதம் எடுத்தார். கடலோரப் பாறை உச்சியில் கூடு கட்டியிருக்கும் கழுகைப் படம் பிடிக்காமல் ஓய்வதில்லை! சபதத்துக்குக் கழுகு காரணமல்ல. வீட்டுக் கூடத்தின் உட்கூரைதான் காரணம். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

பாவம், வாரமெல்லாம் ஊரார் கண்ணைப் பார்த்துக் களைத்த மனிதருக்குக் கண்ணை மூடக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அதைக் காப்பாற்ற அவர் பிடித்த வழியை மெச்சத்தான் வேண்டும். கேமராக்கடை நண்பரிடம் வாரம் ஒரு ட்ரைபாடை, அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலியை, இரவல் வாங்குவார்.

"காத்து, மழை, மணல் எல்லாத்துக்கும் தாங்குதான்னு பாத்துத்தானே வாங்கணும்? சோதனை பண்ணிட்டு வந்துடறேன்" என்று கிளம்புவார். பாறை நிழலில் ட்ரைபாடு உறையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை குறட்டை. திரும்பி வந்ததும் உதட்டைப் பிதுக்குவார்.

"ஆடுதும்மா. அங்க காத்து அப்படி! கழுகு தெற்கே கிளம்பி வடக்கே போய் இறங்குதுன்னா பாத்துக்கோ."

அடுத்த வாரத்து ட்ரைபாடு உப்புக் காற்றுக்குத் துருப்பிடித்துவிடும் என்றார். அதற்கடுத்தது கனம், அதோடு ஏறியபோது பாறையே முனகியதாம். பிறகு ஒன்று வந்தது.

"காலுக்குள்ள மணல் புகுந்து இறுகிப்போச்சு. நீட்டவே முடியல."

மனைவி அதை வாங்கிக் கால்களை இழுத்தாள். சர்ரென்று நீண்டன. தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். பொட்டு மணல் விழவில்லை. அதை மடக்கி மூலையில் சாத்தினாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனிதர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீ கேட்டார்.

அடுத்த ஞாயிறு தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தவர் முன்னால் அவளே ஒரு ட்ரைபாடோடு வந்து நின்றாள்.

"நேத்து உங்க சிநேகிதர் கடைக்குப் போனேன். துருப்பிடிக்கக் கூடாது, மணல் போனா கழட்டிக் கழுவணும், காலு அகலமா விரியணும்னு சொன்னேன். 'அண்ணி, இது மேல லாரி ஏறினாலும் லாரிக்குத்தான் சேதம்'னு எடுத்துக் குடுத்தாரு."

"கடைக்காரன் பேச்சை நம்பலாமா? பாறைக்குக் கொண்டுபோய்..."

"மொட்டை மாடியில என்ன, காத்துக்குப் பஞ்சமா? வாங்க."

காற்று போதாதென்று மின்விசிறியைத் தூக்கி வந்தாள். வாளி வாளியாக உப்புத் தண்ணீரை ஊற்றினாள். முறம் முறமாக மணலைக் கொட்டினாள். ட்ரைபாடு தவமுனி மாதிரி நின்றது. அவள் திரும்பிய நேரம் பார்த்து அவர் ஓங்கி ஒரு உதை விட்டார். வீங்கியது அவர் கட்டைவிரல்.

"என்னங்க நொண்டறீங்க?"

"ஒண்ணுமில்ல, இது நிக்கிற அழகைப் பாத்துப் பரவசம். ஆனா முக்கியமான சோதனை பாக்கியிருக்கே! புயல் அடிச்சா நடுவுல இருக்கிற கொக்கியில கனமா எதையாவது தொங்கவிடணும். அதைப் பாக்காம நல்லதுன்னு சொன்னா தப்பு."

"எவ்வளவு கனம்?"

"நல்ல கருங்கல்லு. நம்ம வீட்ல ஏது? பாறைப் பக்கம் நிறையக் கிடக்கு. நான் வேணா ஒரு நடை..."

"அந்தக் கனத்துக்கு வீட்லயே ஒண்ணு இருக்கு."

ட்ரைபாடைத் துடைத்துக் கீழே கொண்டுபோனாள். கூடத்தின் நடுவில் கால்களை உயர்த்தி அகல விரித்தாள். உள்ளே போய் ஒரு வாளியை இரண்டு கையாலும் தூக்கி வந்து கொக்கியில் மாட்டினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ட்ரைபாடு இம்மியும் அசையவில்லை.

வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தளும்பத் தளும்ப வெள்ளைப் பெயிண்ட். பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஏறி நின்றால் வாளி சரியாகக் கைக்கு எட்டும்.

மனைவி பிரஷ்ஷை நீட்டினாள்.

"அது ஆடாதுங்க. இனி நீங்க கையை ஆட்டுங்க."