ஐந்தரை உருண்டைப் புரதம்

ஒரு வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டுமானால், முறுக்கிக் கிடக்கும் இரட்டை இழையை முதலில் பிரித்தாக வேண்டும். அந்தத் திருப்பணிக்கு அது ஒரு புரதத்தை நியமித்திருக்கிறது. நேர்காணலோ சிபாரிசோ இல்லாமல் நியமிக்கப்பட்டதாலோ என்னவோ, அந்தப் புரதம் ஒழுங்காக வேலை செய்கிறது.

அதன் வடிவத்தைக் கண்டறியும் பொறுப்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெண்மணிக்கு வாய்த்தது. புரதத்தைப் படிகமாக வளர்ப்பதே அவள் பிழைப்பு என்பதால் எல்லோருக்கும் அவள் படிகக்காரி. உப்புக்கல்லைவிடச் சிறிய படிகத்துக்குத் தவம் கிடந்தாள். குளிர்பெட்டியை எவராவது படாரென்று சாத்தினால் பெற்ற பிள்ளையை அடித்துவிட்டதுபோல் ஓடிவருவாள். ஒருவழியாகப் படிகம் வளர்ந்தது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சியதில் வடிவமும் தெரிந்தது: ஆறு உருண்டைகள் கைகோத்த வளையம், நடுவே இழை நுழைய ஓர் ஓட்டை. இந்த முடிவு ஏற்கப்பட்டால்தான் அவளுக்கு வேலை நீட்டிப்பு.

கெட்ட காலம், எதற்கெடுத்தாலும் கணினியிடம் குறி கேட்பது அப்போது நாகரிகமாகியிருந்தது. நிலைய இயக்குநரும் இந்தப் புரதத்தின் வடிவத்தைக் கேட்டார். ஐந்து உருண்டை என்றது கணினி.

"கம்ப்யூட்டர் அஞ்சுங்குது. நீங்க ஆறுங்கறீங்களேம்மா?"

"அது ஊகம் சார். நான் கண்ணால பார்த்தேன்."

"நீங்க ஒரே ஒரு புரதத்தைப் பார்த்தீங்க. அது லட்சக்கணக்குல பார்த்திருக்கு."

"இந்தப் புரதத்தைப் பார்க்கலையே சார்!"

"பார்க்காமலே சொல்லுது பாருங்க, அதுதாம்மா திறமை."

விவகாரம் உயர்மட்டக் குழுவின் மேலான பரிசீலனைக்குச் சென்றது. குழுவில் புரதம் அறிந்தவர் எவரும் இல்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா? சுற்றுச்சுவர் கட்டும் செலவு மதிப்பீடுகளில் பழம் தின்று கொட்டை போட்ட கணக்கு அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டு மதிப்பீடு ஒத்துப்போகலைன்னா சராசரி எடுக்கணும். விதி இருக்கு. அஞ்சரை."

"அரை உருண்டையா? வளையமே மூடாது சார். இழை நழுவிடும்!"

"நழுவினா வைரஸ் பெருகாது. மக்களுக்கு நல்லதுதானே?"

குழு கைதட்டியது. இயக்குநர் பேனாவை நீட்டினார். "கையெழுத்துப் போட்டா நீட்டிப்பு. இல்லேன்னா பிரிவுபசார விழா. எது வசதிம்மா?"

தான் போய்விட்டால் குளிர்பெட்டியை அணைத்துவிடுவார்களே, படிகங்களின் கதி என்ன என்று படிகக்காரி தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். கையெழுத்து விழுந்தது.

நீட்டிப்பும் வந்தது, பதவி உயர்வோடு: காணாமற்போன மீதி அரையைத் தேடும் தனிப் பிரிவுக்கு அவளே தலைவி. விழுந்து விழுந்து சிரித்த பக்கத்து ஆய்வகத்தார் சிரிப்பு அடங்குமுன் அதில் சேர விண்ணப்பித்தார்கள்.

கொஞ்ச காலத்தில் வேறொரு நிலையம், அந்த அரை உருண்டையைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தது. படிகக்காரிக்கு ரத்தம் கொதித்தது.

"பொய்! சுத்தப் பொய்!" என்று மேசையில் ஓங்கி அடித்தாள். "அது அவங்க கையில எப்படி இருக்கும்? அந்த அரை நம்மளோடது!"